பழுதான இருபத்து மூன்று நிமிடங்கள்

“படம் புடிக்கறவன் கொரலு எங்க அம்மிணி போகுது?”

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு திருப்பூர்க் கடையில் ஒருவர் தமயந்தியிடம் இப்படிக் கேட்டார். காமிராவுக்குத் தனிச்செவி வாங்க வந்தவர். தனிச்செவி என்பது காமிராவின் மேல் பூட்டும் வெளி மைக். எதிரே இருப்பவரை மட்டுமே கேட்கும். பிடித்திருக்கும் கையின் அதிர்வை வைத்தே படம் எடுப்பவரின் குரலை அடையாளம் கண்டு, அவருடைய மூச்சு, இருமல், “இங்க பாரு கண்ணு” எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

“எங்கியும் போகாதுங்க. பதிவே ஆகாதுங்க. அதனாலதான் படம் சுத்தமா இருக்குது.”

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று அன்று அவளுக்கு நிறைவாக இருந்தது.

ஊர் முழுக்கப் படங்கள் சுத்தமாயின. காதுகுத்து, சீர், பள்ளி ஆண்டு விழா, எதிலும் காமிராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கிடையாது.

இப்போது கடை தமயந்தியுடையது. அன்று கேள்வி கேட்ட சென்னியப்பனின் மகள் நித்திலா, ஒரு பை நிறைய நினைவுத் தகடுகளோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. வரும் வெள்ளிக்கிழமை குரல்வார்ப்பி பொருத்தப் போகிறார்கள். கழுத்தில் கட்டும் பட்டை அது. உதட்டசைவைப் படித்து, அவரவர் பழைய குரலிலேயே பேசும். அதற்குப் பழைய குரல் இருபது நிமிடமாவது வேண்டும். கிடைக்காதவர்களுக்குப் பொதுக்குரல், மூன்றாம் எண்.

“மூணாம் நம்பர் தெரியுமில்லீங்க்கா? பஸ் ஸ்டாண்டுல ‘அவிநாசி செல்லும் பேருந்து’ன்னு சொல்லுமே, அதேதான். எங்கப்பா அந்தக் கொரல்ல கூப்புட்டா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டனுங்க்கா. பையத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிருவேன்.”

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அலைபேசிப் பேச்சைச் சேமிப்பது சட்டப்படி நின்று பல காலம் ஆகிறது. யாராவது படம் எடுக்க வந்தால் காமிராவைப் பிடுங்கித் தானே எடுக்கிற ஆள் சென்னியப்பன். ஆகவே மிஞ்சியவை இந்தத் தகடுகள்தான்.

தமயந்தி ஒவ்வொன்றாகப் போட்டாள். நித்திலாவின் முதல் நடை. முதல் பள்ளிநாள். மழையில் ஆட்டம். குழந்தை காமிராவைப் பார்த்து, யாரும் கேட்காத கேள்விக்கு “மூணு இட்லி!” என்று பதில் சொன்னது. சொல்லிவிட்டு, யாரோ ஏதோ சொன்னதுபோல விழுந்து விழுந்து சிரித்தது. யார் குரல் எத்தனை நிமிடம் என்று எண்ணும் குரல்தேடியில் சென்னியப்பனின் கணக்கு பூஜ்யம்.

அவர் கேட்ட கேள்வி தமயந்திக்கு நினைவிருந்தது. குரல் நினைவில்லை.

“சத்தம் சரியில்லைன்னு ஒதுக்கி வெச்சது ஏதாச்சும் இருக்குதா கண்ணு?”

“ஒண்ணு இருக்குதுங்க்கா. பழுதுன்னு செவப்பு மையில எழுதி வெச்சிருக்காரு.”

கோளாறான படத்தை அழிக்காமல் கொண்டுவரச் சொல்வது கடையின் வழக்கம். அந்தத் தகட்டைப் போட்டாள். ஆடும் படத்தில் ஒரு கை தெரிந்தது.

“ஏம்புள்ள, பச்ச லைட்டே வர மாட்டீங்குது! ஒண்ணு... ரெண்டு... கேக்குதா? அட, இதென்ன கெரகம்! அந்தக் கடக்காரப் புள்ள என்னத்தச் சொல்லிக் குடுத்துச்சோ!”

நித்திலா வாயைப் பொத்திக்கொண்டாள். தமயந்திக்குத் திட்டு வாங்கியதுகூட உறைக்கவில்லை.

சென்னியப்பன் பனியன் கம்பெனித் தையல்காரர். தூசி படக் கூடாதென்று காமிராவுக்குப் பனியன் துணியில் ஒரு சட்டை தைத்து மாட்டியிருந்தார். அதன் மடிப்பு மைக் துளையின் விளிம்பில் ஏறிக்கொள்ள, தனிச்செவியைச் செருகும் ‘பின்’ ஒரு நெல்மணி அளவு வெளியே நிற்கும். வெளி மைக் இல்லை என்று நினைத்து, காமிரா தன் உள் மைக்குக்கு மாறிவிடும். எதையும் வடிகட்டத் தெரியாத மைக் அது. தனிச்செவி வாங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் எட்டு முறை அவர் கடைக்கு வந்தார். தமயந்தி பேட்டரியை மாற்றினாள், வயரை மாற்றினாள், ஒலி அளவைக் கூட்டினாள். சோதிக்கும் முன் ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கடையில் எல்லாம் ஒழுங்காகவே கேட்டது. ஒன்பதாம் முறைதான் பிடிபட்டது. கத்தரியை எடுத்து மடிப்பை வெட்டிவிட்டாள். அந்தப் பின் ‘டக்’கென்று உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு பழுதும் இல்லை, குரலும் இல்லை.

அவள் கையால் எத்தனை ஆயிரம் பின்கள் அப்படி உட்கார்ந்திருக்கும்! தமயந்தி எண்ணிப் பார்க்கப் பயந்தாள். எட்டு முறையும் தன் கண்ணுக்குத் தப்பிய அந்தத் துணி மடிப்புக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். தகட்டில் மொத்தம் இருபத்து மூன்று நிமிடம் இருந்தது. போதும்.

சனிக்கிழமை முற்பகல், சென்னியப்பன் மகளோடு வந்தார். கழுத்தில் சாம்பல் நிறப் பட்டை. முகத்தில் அத்தனை கனிவு. உதடு மெல்ல அசைந்தது.

“ரொம்ப நன்றி அம்மிணி!”

கடை அதிர்ந்தது. பேட்டரி வாங்க வந்தவர் ஓர் எட்டுப் பின்வாங்கி, “என்னங்க தகராறு?” என்றார்.

சென்னியப்பன் திகைத்தார். இன்னும் மெதுவாக உதட்டை அசைத்தார்.

“உன்னைய உசுருள்ள வரைக்கும் மறக்க மாட்டேன்!”

அது அப்பட்டமான மிரட்டலாக விழுந்தது. நித்திலா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இருபத்து மூணு நிமிசமும் மைக்கத் திட்டுனதுதானுங்க்கா. இந்தப் பட்டைக்கு வேற தொனி தெரியாதுங்க. காத்தால ‘சாப்ட்டியா கண்ணு’ன்னு கேட்டாரு, சண்டைக்கு வந்த மாதிரி. எட்டு மாசம் கழிச்சு வீட்டுல திட்டு விழுகுதுன்னு எங்கம்மா அழுதுட்டே தோச ஊத்துனாங்க.”

தமயந்தியும் சிரித்தாள், பாதியில் நின்றது. அவர் பேசிச் சிரிக்கவைத்ததும் கொஞ்சியதும் தாலாட்டியதும் சுத்தமான படங்களில் இருந்தன. அதாவது, எங்கும் இல்லை.

சென்னியப்பன் இருவரையும் பார்த்தார். மூன்றாம் முறையாக உதட்டைத் திறந்தார், மூடிக்கொண்டார். கழுத்துப் பட்டையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மேசைமேல் இருந்த தமயந்தியின் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் கைகளுக்குள் பொத்திச் சிறிது நேரம் வைத்திருந்தார். தையல்காரரின் விரல் தழும்புகள் அவள் உள்ளங்கையில் உறுத்தின.

பிறகு மகளோடு படியிறங்கிப் போனார்.