அடிக்கல் அருகே ஓர் அலறல்!

"தம்பீ...!"

அந்த அலறல் முள்வேலியைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் கேட்டது.

காலை எட்டு மணி. புது ஆலைக்கென்று அமைச்சர் நாட்டிய அடிக்கல்லுக்குப் பத்தடி தள்ளி, மண் பரிசோதனைக்கென்று தோண்டிய குழி. அடியில் ஓர் இளைஞன்... தலை பிளந்து, உயிரற்று!

அவன்தான் மண் பரிசோதகன். விளிம்பில் மார்பில் அடித்துக்கொண்டு கதறியவன், அவனை வளர்த்து ஆளாக்கிய அண்ணன். அண்ணன் கழுத்தில் ஆலைக் கம்பெனியின் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பத்து மணிக்குக் கம்பெனி மேனேஜரை மடக்கினார்.

"உங்க மண் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட மாட்டேன்னு அவன் நேத்து சண்டை போட்டிருக்கான். ஏன்?"

"மண்ணே எடுக்காம ரிப்போர்ட் எழுதிட்டோம் சார்."

"அடேங்கப்பா! இவ்வளவு பட்டுன்னு ஒத்துக்கிறீங்களே?"

மேனேஜர் கொட்டாவியை அடக்கினார்.

"இதுல என்ன சார் ரகசியம்? எலக்‌ஷனுக்கு முன்னாடி ஆலை வந்தே ஆகணும்னு அமைச்சர் கழுத்துல கத்தி வெச்சாரு. எங்க முதலாளி கேமரா முன்னாடி தலையாட்டுனாரு. ரெண்டாயிரம் பேருக்கு வேலைன்னு பேப்பர்ல போட்டாங்க. அதோட கதை முடிஞ்சுது!"

"அப்போ கட்டவே மாட்டீங்க?"

"கட்டுற மாதிரி இருப்போம். குழி தோண்டுவோம்... மூடுவோம்."

"அவன் இதை வெளியே சொல்லிட்டா உங்களுக்கு ஆபத்து. அதனால..."

"எனக்கென்ன ஆபத்து? அமைச்சருக்குத் தெரியும். எதிர்க்கட்சிக்கும் தெரியும். டீக்கடையில போய் கேளுங்க, சிரிப்பாங்க! இதையெல்லாம் நிஜமா நம்பிட்டு இருக்கிற எவனோ ஒருத்தனுக்குத்தான் சார் அவன் பேச்சு கசக்கும்."

இன்ஸ்பெக்டருக்குச் சுரீரென்றது.

நம்பியவன்... ஒருவன் இருந்தானே!

ஆலை வேலைக்கு ஆட்களைப் பழக்கவென்று கம்பெனி போட்டிருந்த பயிற்சிக் கொட்டகைக்கு விரைந்தார். ஏட்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

உள்ளே மரத்தால் செய்த பொம்மை மிஷின். லாரி ஓட்டுகிற வேலையை உதறிவிட்டு, எட்டு மாதமாக அதன் பொத்தானை அழுத்திப் பழகியவன் அந்த அண்ணன். கூடச் சேர்ந்த நாற்பது பேரும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவன் மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கே ஆஜர்!

சுவரில் ஒரு பெட்டி. 'விபத்துப் படிவம் போடவும்.' மாட்டி வைத்ததோடு சரி, கம்பெனியில் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

ஏட்டு பூட்டை உடைத்தார்.

ஒரே ஒரு தாள்!

'நேரம்: காலை 6.10. விழுந்தவர்: என் தம்பி. காரணம்: நான் தள்ளினேன். நிலை: உயிர் இருக்கிறது. சீக்கிரம் வரவும்.'

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். இத்தனை வருட சர்வீஸில் இப்படியொரு வாக்குமூலத்தை அவர் பார்த்ததில்லை.

தாளை நீட்டியதும், அண்ணன் மறுக்கவில்லை.

"ஆலையே வராதுண்ணா, உன்னை ஏமாத்துறாங்க, வீட்டுக்கு வான்னு கையைப் பிடிச்சு இழுத்தான் சார். எனக்கு ஆத்திரம்... தள்ளிட்டேன்..."

"உயிர் இருந்துச்சேய்யா! கத்தி நாலு பேரைக் கூட்டக் கூடாதா?"

"விழுந்தவனை நாமளா தூக்கக் கூடாது, முதுகெலும்பு போயிடும்னு சொல்லிக் குடுத்தாங்க. படிவத்தைப் போட்டா பத்தே நிமிஷத்துல கம்பெனி ஆளுங்க வருவாங்கன்னாங்க. கேட்டுக்கும் குழிக்குமா ஓடிட்டிருந்தேன் சார்... அவன் 'அண்ணா, அண்ணா'ன்னு கூப்பிட்டுட்டே இருந்தான். 'இதோ வந்துட்டாங்கடா'ன்னு நானும் சொல்லிட்டே இருந்தேன்..."

"வந்தாங்களா?"

"எட்டு மணிக்கு... அவன் கூப்பிடறதை நிறுத்திட்டான் சார்."



ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு விலங்கை எடுத்தார். மாட்டாமல் நின்றார்.

"என்னய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒண்ணுமில்லீங்கய்யா... இந்தக் கம்பெனியில சொன்னதைச் சொன்னபடி செஞ்சவன் இவன் ஒருத்தன்தான். இவனைப் பிடிச்சு உள்ளே போடுறோமே!"