வளைந்து போன கான்

கான் வளைந்திருந்தது. நிலவறைக்குள் கசிகிற மழைத்தண்ணீர் வடிந்து போகட்டுமென்று வீட்டுச் சுவரிலிருந்து பின்வேலி வரைக்கும் கயிறு கட்டி, அந்தக் கயிற்றோடு ஒட்டித்தான் பாலேந்திரா காலையிலிருந்து சவளால் வெட்டிக்கொண்டு வந்தார். நிமிர்ந்து பார்த்தபோதோ அது கயிற்றை விட்டு இடப்பக்கம் திரும்பி, கொஞ்சத் தூரம் போய், மறுபடி வலப்பக்கம் திரும்பியிருந்தது. ஆழமும் நெஞ்சளவு.

தேநீர் கொண்டுவந்த மனைவி தவமலர் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"கான் வெட்டச் சொன்னால் பங்கர் வெட்டி வைச்சிருக்கிறியள்."

அவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊரில் போர் நடந்த அந்தக் காலத்தில் அகழியை நேராக வெட்டவே விடமாட்டார்கள். நேராக இருந்தால் உள்ளே விழுகிற ஒரு ஷெல் எல்லோரையும் கொண்டுபோய்விடும். இருபது வயதில் கை படித்தது, இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து இக்காஸ்ட் நகரத் தொழிற்சாலையில் இத்தனை வருஷம் மாரடித்த பிறகும் மறக்கவில்லை.

மற்றவர்கள் பின்வாங்கி முடியும்வரை முன்னரங்கைப் பிடித்து வைத்திருப்பதுதான் அவருடைய படையணிக்குக் கொடுத்த வேலை. பிடித்து வைத்திருந்தார்கள். காலில் காயப்பட்ட அவரைப் பின்னுக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே நின்றவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. உடல்களை எடுக்க முடியாத இடத்தில் அகழியின் மண்ணையே தள்ளி மூடிவிடுவது வழக்கம். அவர்களை மூட ஆளிருக்கவில்லை. அழுகை வருமென்று அவர் கொஞ்சக் காலம் காத்திருந்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

இப்போது மகன் தனுஷன் இந்த நாட்டு இராணுவத்துக்குத் தானாகவே பெயர் கொடுத்திருந்தான். காலாட்படை. வருகிற திங்கட்கிழமை போகிறான். போகவேண்டாமென்று ஒரு சொல் சொல்லத்தான் பாலேந்திரா ஒவ்வொரு நாளும் நினைத்தார். மகன் போய்விடுவான் என்ற பயம் ஒன்றுதான் அவருக்குள் உயிரோடிருந்தது. அதுவும் வாய்வரை வரவில்லை.

தவமலர் உள்ளே போய்விட்டாள். பின்னேரத்திலேயே இருட்டிவிடுகிற மாதம். தூறலுக்குள், பக்கத்து வீட்டு விறகுப் புகைக்குள், ஈரக் களிமண் வாடைக்குள் வேறொரு மணம் மெல்ல மெல்ல ஏறி வந்தது: கரிமருந்தும், நாட்கணக்காய்க் கழற்றாத சட்டையின் வேர்வையும். சவளில் ஏறிய மண்ணைத் தொட்டுப் பார்த்தார். கறுப்புக் களி இல்லை. மணல். வெள்ளை மணல், வெயிலில் கிடந்ததுபோலச் சுட்டது.

வளைவுக்கு அப்பால் யாரோ இருமலை அடக்கினார்கள். சென்றியில் காவல் நிற்பவன்தான் அப்படி அடக்குவான்.

அவர் கானுக்கு வெளியே ஏறி நின்று பார்த்தார். தலைகள். வரிசையாக. எல்லாம் வேலிப் பக்கம் பார்த்தபடி, அசையாமல். முகம் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை.

அவர் விட்டுவந்த காலி இடத்துக்கு ஆள் தேடி வந்திருக்கிறார்கள் என்று பட்டது. வீட்டில் ஆள் இருக்கிறான். சப்பாத்துக்கூட வாங்கி வைத்துவிட்டான்.

மூடிவிட்டால் போய்விடுவார்கள். அன்றைக்கு மூடாததால்தான் வந்திருக்கிறார்கள்.

சவளை எடுத்தார். கை தன்பாட்டில் அள்ளியது, தன்பாட்டில் கொட்டியது. தோள்களில் மணல் விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவரும் திரும்பவில்லை. அவர் முன்பு நின்ற கடைசி இடத்திலும் ஒருவன் நின்றான். உயரமானவன். அவனுக்கும் போட்டார். நெஞ்சுவரை. கழுத்துவரை. அவன் ஏதோ முனகினான். கை நிற்கவில்லை.

குசினிக் கதவு திறந்தது. வெளிச்சம் கானில் விழுந்தது.

"தனுஷனை விட்டனான், உங்களைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி," என்றாள் தவமலர். "எங்கை அவன்?"

அவர் கானுக்குள் பார்த்தார்.

மணலுக்கு மேலே தலைகள் மட்டும். எல்லாம் வேலியைப் பார்த்திருந்தன. கடைசித் தலை மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. வாய் நிறைய மணல்.

கை அடுத்த சவள் மண்ணை அள்ளியது.