அருந்ததி வீட்டு ஜாதிக்காய் ஒயின்

மழை கொட்டிக்கொண்டிருந்தது. பினாங்கு ரோட்டு முனையில் நிற்கும் ஜப்பானியக் காவலாளியை வணங்காமல் யாரும் தாண்ட முடியாது. தவமணி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தாள். பக்கத்தில் ஒருவன் சைக்கிளைப் பிடித்தபடியே குனிந்தான். சைக்கிள் சாய்ந்தது... சடார்! அவளுடைய ஒயின் பாட்டில்கள் நொறுங்கின.

நிமிர்ந்து திட்டினால் காவலாளியின் அறை விழும். குனிந்தபடியே பல்லைக் கடித்தாள்.

"கண்ணு தெரியலையா?"

"தரையத்தானே பாத்துட்டு இருக்கேன், அக்கா..."

"யாருக்கு யாரு அக்கா?"

"சரி லா... அக்கா இல்ல. மன்னிச்சிருங்க."

ஓரக்கண்ணால் பார்த்தாள். மழை சொட்டும் இமைகள்... அவற்றுக்கடியில் சிரிப்பை அடக்கப் பாடுபடும் இரு கண்கள். அவளுக்குக் கோபம் ஏனோ பாதியில் நின்றுவிட்டது.

அவன் பெயர் அப்புத்துரை. பாலிக் புலாவிலிருந்து பழம் கொண்டுவந்து விற்பவன். உடைந்ததற்கு ஈடாக மறுவாரமே ஒரு சாக்கு காலி பாட்டில்களோடு அவள் வீட்டைத் தேடி வந்து நின்றான். கூடவே அன்னாசியும்.

தவமணி முன்பு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப்பிஸ்ட். யுத்தம் வந்தது, கம்பெனி போனது. கப்பலும் நின்று சீமை ஒயினும் நின்றதும், அன்னாசியில் ஒயின் போடத் தொடங்கினாள். ஹோட்டல்கள் வாங்கின. தேறிவரும் நோயாளிகளுக்கென்று ஆஸ்பத்திரியும் கேட்டது. "பொம்பளப் பிள்ளைக்குச் சாராய வேலையா?" என்று முணுமுணுத்த அப்பாகூட இப்போது பாட்டில் கழுவித் தந்தார்.

அப்புத்துரை வாராவாரம் வந்தான். அவன் சைக்கிள் மணிக்காகவே அவள் மல்லிகை வைத்துக்கொண்டாள். ஒருநாள் புது ஒயினை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னான்:

"நல்லாத்தான் இருக்கு... ஆனா ஆயர் ஈத்தாம்ல அருந்ததி போடற ஜாதிக்காய் ஒயின் இருக்கே... வாசமே வேற லா!"

சுருக்கென்றது. அருந்ததியா? யார் அவள்? அங்கும் இப்படித்தான் உட்கார்ந்து குடிக்கிறானா? அவளைப் பார்த்தும் இந்தக் கண்கள் இப்படித்தான் சிரிக்குமா?

அடுத்த வாரம் பாசார் சந்தையில் அவளைப் பார்த்தே விட்டாள். தூறலில் அவன் ஜாதிக்காய் மூட்டையைக் கட்ட, உயரமான ஒருத்தி குடை பிடித்துக்கொண்டிருந்தாள். குடை முழுவதும் அவன் பக்கமே சாய்ந்திருந்தது...

"இனிமே எனக்குப் பழம் வேணாம்," என்றாள் தவமணி, அவன் வந்தபோது.

"ஏங்க?"

"வாசம் வேறயா இருக்கற இடத்துக்கே கொண்டு போங்க."

அவன் முகம் வாடிப்போனது. சைக்கிளைத் திருப்பினான். அதன்பின் வரவேயில்லை. ஜாடிகள் காய்ந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க ஒயின் இல்லை. அவளுக்குத் தூக்கமும் இல்லை. கடைசியில் அந்த அருந்ததியை நேரில் பார்த்துவிடுவதென்று ஆயர் ஈத்தாமுக்கு நடந்தாள்.

முழங்கை வரை சட்டைக் கையை ஏற்றிவிட்டு ஜாடியைக் கிண்டிக்கொண்டிருந்தாள் அருந்ததி. அழகி. அதுவே எரிந்தது.

"தவமணிதானே? உங்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். எனக்கு உங்க மேல அவ்வளவு பொறாமை."

"எம் மேலயா?"

"அவரு இங்க வந்தா உங்க பேச்சுதான். தவமணி இப்படி வடிகட்டுவாங்க, தவமணி அப்படிச் சிரிப்பாங்க... எங்கப்பா அவரக் கல்யாணத்துக்குக் கேட்டாரு. அவரு முடியாதுன்னுட்டாரு."

அருந்ததியின் கண்கள் கலங்கின. திரும்பிக்கொண்டு ஒரு கிளாஸில் ஒயினை ஊற்றிக் கொடுத்தாள். தவமணி குடித்தாள். கமகமவென்று நெஞ்சு வரை இறங்கியது.

"நெசமாவே என்னுதவிட நல்லாருக்கு," என்றாள் மெல்ல. அதைச் சொல்ல எவ்வளவு வலித்தது!

"ஆஸ்பத்திரி கேக்கறது ஒருத்தியால ஆகாது. ரெண்டு பேரும் சேந்து போடுவோமா?" என்றாள் அருந்ததி.

தவமணி அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகப் பாசாருக்கு வந்தாள். அவளைக் கண்டதும் அப்புத்துரை எழுந்தான், ஆனால் சிரிக்கவில்லை.

"பழம் வேணும்... அருந்ததியும் நானும் சேந்து ஒயின் போடப் போறோம்."

"சரிங்க. நாளைக்கு ஆயர் ஈத்தாம்ல எறக்கிடறேன்."

"அங்க நான் கொண்டு போய்க்கறேன். நீங்க எங்க வீட்டுக்கு மட்டும் வந்தா போதும்."

அவன் உற்றுப் பார்த்தான். "நான் ஒயினத்தானே நல்லாருக்குன்னேன்... பொறாமையா?"

"ஆமா!" கண்ணில் நீர் முட்டியது. "வயிறு எரியுது. உங்களுக்கு யாரும் குடை பிடிக்கக் கூடாது. என்னத் தவிர... போதுமா?"

இப்போது சிரித்தான்... கண்ணெல்லாம் சிரித்தான்.

"எனக்கும் உங்களைத் தவிர யாரும் வேணாம், தவமணி. நாளைக்கு வந்து அப்பாகிட்டப் பேசட்டுமா?"

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே வாங்க," என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "அதுக்குள்ள வேற எவளாவது கேட்டுடப் போறா..."