கேக்குக்குப் பின்னால் ஒரு பச்சைச் சட்டை

"ஐயோ... அம்மா...!"

அலறல் அடங்கியபோது, பதிப்பகத்தின் முதலாளியம்மாள் மாடிப்படியின் அடியில் மயங்கிக் கிடந்தார்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக் கைத்தடி!

ஆம்புலன்ஸ் போனது. பெண் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இது யாரோட தடி?"

"என்னோடதுதான் மேடம். ஆனா என் மேஜையில சாத்தி வெச்சிருந்தேன்" என்றான் ரேடியோ.

பார்வை இல்லாதவன். மின்நூல்களைக் கம்ப்யூட்டர் வாசிக்க, காதால் கேட்டுச் சரிபார்ப்பது அவன் வேலை. வாய் ஓயாது. அதனால் அந்தப் பெயர்.

"இவன் தடி தடுக்கித்தான் அத்தை விழுந்தாங்க. பிடிச்சு உள்ளே போடுங்க!" என்று குதித்தார் மாப்பிள்ளை. முதலாளியம்மாளின் ஒரே மருமகன். பதிப்பகத்தின் பிழை திருத்துநர்.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"கார்கிட்ட. மாடிப்பக்கமே போகலை!"

இன்ஸ்பெக்டர் ரேடியோவின் தோளில் கை வைத்தார்.

"நட தம்பி, ஸ்டேஷனுக்கு."

"அங்க பேச்சுத்துணைக்கு ஆள் இருக்குமா மேடம்...? சரி, வரேன். அதுக்கு முன்னாடி, இன்னிக்கு நடந்த எங்க ஆண்டுவிழாவோட மலர்ல ஒரு பக்கம் கேட்டுடுங்க."

"இப்ப மலர் ஒண்ணுதான் குறைச்சல்!"

"போட்டோவைப் போட்டா போதும் மேடம். சாஃப்ட்வேரே பக்கத்தை வடிவமைச்சிடும். படத்துல என்ன இருக்குன்னு என்னை மாதிரி ஆளுங்களுக்கு விவரிச்சும் எழுதிடும். இனிமே பிழை திருத்தறதும் அதேதான்னு அம்மா காலையில அறிவிச்சாங்க. மாப்பிள்ளை சார் முகம் சுண்டிப் போச்சாம்... கேள்விப்பட்டேன்!"

திரையில் படம் வந்தது. முதலாளியம்மாள் கேக் வெட்டுகிறார். வேறொன்றும் இல்லை.

ரேடியோ ஒரு பட்டனைத் தட்டினான். கம்ப்யூட்டர் குரல் கணீரென்று ஒலித்தது.

"படம்: பெண்மணி கேக் வெட்டுகிறார். பின்னால் மாடிப்படியில், பச்சைச் சட்டை அணிந்த ஆண் குனிந்து எண்ணெய் ஊற்றுகிறார்."

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். அறையில் ஒரே ஒரு பச்சைச் சட்டை...

மாப்பிள்ளை!

"படத்துல படியே இல்லையே?"

"யாரோ அந்தப் பக்கத்தை வெட்டிட்டு, ஒரிஜினலையும் அழிச்சிட்டாங்க மேடம். ஆனா படத்தை வெட்டினா விவரிப்பு கூடவே வெட்டுப்படாது. கண்ணு தெரிஞ்சவங்க அதைக் கேக்கறதே இல்லை. மறந்துடுவாங்க!"

மாப்பிள்ளை திரையை நோக்கிப் பாய்ந்தார்.

"பொய்! மெஷின் உளறுது! இதை நம்பித்தான் என் வேலையைப் பிடுங்கறாங்களா? ஒரு வரியில எத்தனை தப்பு! எண்ணெயாம் எண்ணெய்... அது சோப்புத் தண்ணி...!"

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விலங்கு 'க்ளிக்' என்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். முதலாளியம்மாள் கண் விழித்துவிட்டார்!

"சாஃப்ட்வேர் பிரமாதம் தம்பி. சோப்பை எண்ணெய்னு சொன்னதுதான் சின்னக் குறை" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது பச்சைச் சட்டைக்காரர் குனிஞ்சு நிக்கறார்னு மட்டும்தான் எழுதிச்சு மேடம். எண்ணெய் நான் ஊத்தினது! அவர் படியைத் துடைச்சு என் தடியை அங்க போட்டாலும் சோப்பு வாசனை போகலை. சரியா எழுதியிருந்தா சார் வாயே திறந்திருக்க மாட்டார். தப்பு இருந்தா திருத்தாம இருக்க அவரால முடியாது!"

"அடப்பாவி! படத்துல இல்லாததை எழுதலாமா?"

ரேடியோ தடியை வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"இருந்துதா, இல்லையான்னு... நான் எங்க மேடம் பார்த்தேன்!"