போதுமானி

நோயல் பெர்னார்டின் துப்பாக்கி அன்றும் மக்கர் பண்ணியது. கூப்பிடு தூரத்தில் ஒரு மூஸ், குதிரையைவிட உயரமான அந்தக் காட்டு மான், சாவகாசமாகத் தழை மென்றுகொண்டிருந்தது. விசையருகே பொருத்தியிருந்த போதுமானி பேசியது: "வீட்டில் இருவர். முழு மூஸ் தேவைக்கு மேல். அனுமதி இல்லை."

"நாசமாப் போற டப்பா! கால் மூஸ் எந்தக் காட்டுல மேயுது?" என்று கத்தினான் நோயல். மூஸ் ஓடிவிட்டது.

நோயலின் பூர்வகுடியான மிக்மாக் மக்களுக்கு, ராஜாவோடு செய்த பழைய ஒப்பந்தம் வேட்டை உரிமை தந்திருந்தது. 'அளவாக' என்ற சொல்லைப் பிற்பாடு அரசாங்கம் சேர்த்துக்கொண்டது. அளவை அளக்கத்தான் இந்தக் கருவி. வீட்டுத் தலைகளையும் குளிர்பெட்டியையும் மோப்பம் பிடித்து, தேவை இவ்வளவுதான் என்று சொல்லிவிடும். ஒருவன் சுட்டால் ஊரே சாப்பிடும் என்பது மட்டும் அதன் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை நோயலின் இறந்துபோன அண்ணனுக்கு விருந்து. அறுபது வீட்டுச் சனம் வரும். மூஸ் கறி இல்லாமல் அண்ணனை வழியனுப்புவதா? திங்களன்றே நீதிமன்றம் போனான்.

"சட்டம் எல்லாருக்கும் பொதுதானே, நோயல்?" என்றார் வனக்காவலர் கிரெக்.

"அப்படியா? ஒப்பந்தத்துல உங்க ராஜாவும்தானே கையெழுத்துப் போட்டாரு? இந்த டப்பாவை உங்க பக்கமும் மாட்டுங்க, பாப்போம்!"

நீதிபதிக்கு அது நியாயமாகப் பட்டது. போதுமானிகள் எல்லாம் ஒரே வலையில் கோத்தவை; அன்று மாலையே உத்தரவு பாய்ந்து, மாகாணம் முழுக்கக் கார்களிலும் கடைக்கதவுகளிலும் போதுமானி புகுந்துகொண்டது.

செவ்வாயன்று அமைச்சரின் மூன்றாவது கார் கிளம்ப மறுத்தது. கடைக்குப் போன கிரெக்கிடம், "வீட்டில் நான்கு மாதத்துக்குப் பட்டாணி இருக்கிறது. முதலில் அதைத் தின்று முடிக்கவும்" என்று சொல்லிக் கதவு சாத்திக்கொண்டது. ஊரெங்கும் ஒரே ரகளை. வியாழனன்று சட்டசபை அவசரமாகக் கூடியது. "மனுஷனுக்கு எது போதும்னு ஒரு மெஷினா சொல்றது?" என்று அமைச்சர் கொதித்தார். சட்டம் செத்தது.

வெள்ளிக்கிழமை கிரெக்கே வந்து துப்பாக்கியிலிருந்து கருவியைக் கழற்றினார். மறுநாள் விடியலில் நோயல் ஒரு மூஸ் அடித்தான். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

விருந்துக்குக் கிரெக்கையும் அழைத்திருந்தான். மூன்று நாள் பட்டாணி தின்ற மனிதர், மூன்று கிண்ணம் கறிக்குழம்பைக் காலி செய்து, இடைவாரைத் தளர்த்தினார். பிறகு கூச்சத்தோடு கிண்ணத்தை நீட்டினார்.

"வயிறு ரொம்பிடுச்சு. இருந்தாலும்... இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

நோயலின் மனைவி பெர்னடெட் கரண்டி நிறைய அள்ளி ஊற்றினாள். "தாராளமா சாப்பிடுங்க. உங்களையும் கணக்குல சேர்த்துத்தான் சுட்டாரு."