கோட்டுப் போட்ட பத்தாண்டு

வண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதால் பெரியம்மா வைத்த பெயர். இப்போது ஐந்தாம் வகுப்பு ஆசிரியைகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். உண்மையான பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால், அவளே ஒரு நொடி திரும்பிப் பார்த்து யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தேடுவாள்.

பெரியம்மா நகரப் பேருந்தில் நடத்துநர். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் இறங்காது. சாப்பிடக் கூப்பிடும்போதுகூட, "உள்ளே போங்க, உள்ளே போங்க, இடம் இருக்கு!" என்பார். வீட்டில் இருப்பதோ மூன்றே பேர். பெரியம்மா, அம்மா, வண்டு.

அப்படிப்பட்ட பெரியம்மா ஒரு சனிக்கிழமை காலை, சத்தமே இல்லாமல் துணி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார்.

"என்ன பெரியம்மா தேடறீங்க? சாவியா? சீப்பா? பல்லியா?"

"பல்லியை யாராவது தேடுவாங்களா? ஒரு போட்டோடி. நூலகத்துல கண்காட்சி வைக்கிறாங்களாம். நாப்பது வருஷத்துக்கு முந்தின படமெல்லாம் கேட்டிருக்காங்க. ஆ, இதோ!"

அது உள்ளங்கை அகலக் கறுப்பு வெள்ளைப் படம். ஒரு ஜன்னல். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே முகங்கள், முகங்கள், முகங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததுபோல. எல்லா முகத்திலும் வாய் 'ஆ' என்று திறந்திருந்தது.

"எல்லாரும் பல் டாக்டர்கிட்ட வந்தவங்களா?" என்றாள் வண்டு.

பெரியம்மா சிரித்துவிட்டார். "தெருவுக்கே அப்போ ஒரே ஒரு டி.வி. பேங்க் மேனேஜர் வீட்டுல. வீட்டுக்குள்ளே இடம் கிடைக்காதவங்க எல்லாம் ஜன்னல்ல தொங்குவோம். மேனேஜர் மாமா உள்ளேயிருந்து எடுத்த படம் இது. நடுவுல முன்பல் இல்லாம ஒண்ணு நிக்குது பாரு, அதுதான் நான்."

பெரியம்மாவின் பத்து வயதுப் படம் அது ஒன்றுதான். டெப்போவில் ஓட்டுநர், நடத்துநர் எல்லாரிடமும், "என் படம் சுவத்துல மாட்டப் போறாங்க, வந்து பாருங்க" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாராம்.

கண்காட்சியின் பெயர் 'அந்தப் பத்தாண்டின் பண்பாட்டு அடையாளம்'. அதை நடத்துபவர் பெயரைவிடப் பட்டத்தால்தான் தெரிந்தவர். 'பண்பாட்டுச் சிகரம்' என்று பட்டம். கொடுத்தது ஒரு சங்கம். அந்தச் சங்கத்துக்குத் தலைவர் யார் என்று கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும். சிறு வயதிலேயே ஊரைவிட்டுப் போய், பெரிய ஆளாகத் திரும்பி வந்தவர்.

நூலகத்தில் வரிசை வாசல் வரை நின்றது. மேஜைக்குப் பின்னால் சிகரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவுக்கு முன்னால் நின்றவர் ரொட்டிக் கடைக்காரர். அவர் நீட்டிய படத்தில் அவருடைய அண்ணன் கட்டம் போட்ட கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆகா!" என்றார் சிகரம். "கோட்டு! கண்ணாடி! தொலைபேசி! இதுவல்லவோ பத்தாண்டு!"

அடுத்து பெரியம்மா படத்தை நீட்டினார். சிகரம் பூதக்கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை.

"இதில் பத்தாண்டு எங்கே அம்மா இருக்கிறது? வாய்தான் இருக்கிறது."

"அது எங்க பெரியம்மா வாய் சார்," என்றாள் வண்டு.

"இருக்கட்டும். கோட்டு இருக்கிறதா? கண்ணாடி இருக்கிறதா? ஒரு மிடுக்கு இருக்கிறதா? அடுத்தவர்!"

"சரிங்க," என்றார் பெரியம்மா. நின்றுகொண்டு வர அடம்பிடிக்கும் பயணிகளையே ஒரே அதட்டலில் உட்கார வைப்பவர், நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். படத்தைப் பையில் வைத்து, பையை மூடினார்.

அன்று இரவு, "சாப்பிட வாங்க," என்று மட்டும்தான் கூப்பிட்டார். அம்மாவும் வண்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வருத்தமா பெரியம்மா?"

"எனக்கென்ன வருத்தம்? அவர் சொன்னது சரிதானே. வாயைப் பார்க்க யார் வருவாங்க? டெப்போவுலதான் என்ன சொல்றதுன்னு தெரியலை." படம் மறுபடியும் துணிகளுக்கு அடியில் போய்விட்டது.

வண்டுக்கு அன்று தூக்கம் வரவில்லை. பேச்சும் வரவில்லை. இரண்டாவதுதான் அம்மாவைக் கவலைப்பட வைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, படங்களை மாட்ட உதவி செய்யப் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டும் போனாள். அவளோடு தக்காளியும் வந்தான். எதற்கெடுத்தாலும் முகம் சிவந்துவிடும் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

சுவர் முழுக்கக் கோட்டு. குண்டானவர் போட்டிருந்தபோது பொத்தான் எட்டவில்லை. ஒல்லியானவர் போட்டிருந்தபோது கை விரல்களே தெரியவில்லை. வண்டு படங்களைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சட்டென்று நின்றாள்.

"தக்காளி, இங்கே பாரு. இந்தக் கோட்டுப் பையில இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. காது மாதிரி இருக்கு."

"ஆமா."

"இந்தப் படத்துலயும் பாரு."

தக்காளி பார்த்தான். அடுத்த படத்தையும் பார்த்தான். அதற்கடுத்ததையும். எல்லாக் கோட்டிலும் அதே இடத்தில் அதே காது.

"தொலைபேசியைப் பாரு," என்று வண்டு கிசுகிசுத்தாள். "வயர் எங்கேயும் போகலை. சும்மா தொங்குது. அடேய், இது எல்லாம் ஒரே கோட்டுடா! போட்டோ ஸ்டுடியோவுல வச்சிருந்த கோட்டு! போற வர்றவங்க எல்லாம் மாட்டிக்கிட்டுப் படம் எடுத்திருக்காங்க!"

தக்காளியின் முகம் குப்பென்று சிவந்தது.

அந்த நேரம் பார்த்து சிகரம் கைகளைத் தட்டினார். "பிள்ளைகளே! அந்தப் பத்தாண்டில் நம் ஊர் மக்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கட்டம் போட்ட கோட்டு இருந்தது. இது என் ஆராய்ச்சி முடிவு. யாருக்காவது சந்தேகம் உண்டா?"

வண்டின் வாயில் பதில் உருண்டுகொண்டு நின்றது. ஒரே வரி போதும். சிகரம் சரிந்துவிடும்.

தக்காளி அவள் கையைப் பிடித்தான். "வேணாம் வண்டு. எங்க அப்பா..." என்று கண்ணால் காட்டினான்.

அறையின் மூலையில் தக்காளியின் அப்பா ஒரு படத்தை மாட்டிக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்ட தன் அப்பாவின் படம். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். மறுபடியும் துடைத்தார். "எங்க அப்பா கோட்டு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இதோடு எத்தனை பேரிடம் சொன்னாரோ.

வண்டு வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது எளிதான வேலை இல்லை.

"சந்தேகம் இல்லை சார்," என்றாள்.

ஆனால் பெரியம்மா படம் இன்னும் துணிக்கு அடியில்தான் இருந்தது. கோட்டை விட்டுவிடலாம். அதை எப்படி விடுவது?

நேராக நூலக அக்காவிடம் போனாள். "அக்கா, சுவர் எல்லாம் அவரோடதா?"

"சுவர், மேடை, மைக்கு எல்லாம் அவரோடதுதான்."

"உங்களோடது எது?"

நூலக அக்கா யோசித்தார். "குடிதண்ணி மேஜை என் பொறுப்பு. அங்கே சிகரத்தோட அதிகாரம் செல்லாது."

"அது போதும் அக்கா!"

வண்டு வீட்டுக்கு ஓடினாள். பெரியம்மா முன்னால் போய் நின்று, அதிசயமாக, நாலே வார்த்தையில் கேட்டாள்: "உங்க படத்தை எடுத்துக்கட்டுமா பெரியம்மா?"

"என்னவோ பண்ணு. கசக்காம கொண்டுவா," என்றார் பெரியம்மா.

நகல் எடுக்கும் கடை அண்ணன் அந்தப் படத்தைக் கதவளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தார். "இவ்வளவு வாயை என் மெஷின் பார்த்ததே இல்லை," என்றார். வண்டும் தக்காளியும் அதைத் தண்ணீர் மேஜைக்குப் பின்னால் ஒட்டினார்கள். மேலே ஓர் அட்டையில் வண்டு கொட்டை எழுத்தில் எழுதினாள்:

'உங்கள் வாயைக் கண்டுபிடியுங்கள்.'

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்துவிட்டது. சிகரம் மேடையேறி, "பண்பாடு என்றால் என்ன?" என்று தொடங்கினார். பதிலை அவர் அடைவதற்குள் ரொட்டிக் கடைக்காரருக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் மேஜைக்குப் போனார். டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"ஏய்! இது நான்டா! என் காது இது! வேற யாருக்கும் இப்படி இருக்காது!"

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பத்துப் பேருக்கு உடனே தாகம் எடுத்தது. பிறகு இருபது பேருக்கு. தக்காளியின் அப்பாவும் வந்தார்.

"அழுதுகிட்டு நிக்கறது நான்தான்! யாரோ என் கட்டைவிரலை மிதிச்சுட்டாங்க!"

"நான்தான் மிதிச்சேன்," என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

"நாப்பது வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன்யா உன்னை!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டெப்போ ஓட்டுநர்களும் நடத்துநர்களும் படத்தின் நடுவில் நின்ற பல்லில்லாத சிறுமியைக் கண்டுபிடித்து, கதவோரம் நின்றிருந்த பெரியம்மாவை இழுத்துக்கொண்டு வந்தார்கள். "எங்க அக்கா அப்பவே முன்னால இடம் பிடிச்சிருக்காங்க பாருங்க!"

மேடையில் சிகரம் காலி நாற்காலிகளுக்குப் பண்பாட்டை விளக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் மைக்கை வைத்துவிட்டு, வேகவேகமாக வந்தார். "என்ன கூத்து இது? கோட்டுகள் எல்லாம் அங்கே இருக்க, வாய்க்கு என்ன இங்கே வரவேற்பு?"

"அட, கோட்டு கிடக்குது சார்," என்றார் ரொட்டிக் கடைக்காரர். "அது ஸ்டுடியோக்காரர் கோட்டு. எங்க அண்ணன் அரை நிமிஷம் போட்டான். அடுத்து நிக்கறவன் உடனே கழட்டுன்னான்."

வண்டு பதறிப்போய்த் தக்காளியின் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் மகனுடைய முகத்தைப்போலவே சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். "சரி. ஆனா அந்த அரை நிமிஷம் அது எங்க அப்பா கோட்டுதானே?"

"அதுல சந்தேகமே இல்லை!" என்றார்கள் எல்லாரும்.

சிகரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதாவது செய்யவேண்டுமே என்று பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். நகர்த்தினார். ஓரத்தில் ஓரிடத்தில் கை நின்றுவிட்டது. அங்கே ஒரு சின்னப் பையன், கீழே விழாமல் இருப்பதற்காக, பல்லில்லாத சிறுமியின் சடையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். எல்லாரைவிடவும் பெரிய வாய் அவனுடையதுதான். நெற்றியில் குறுக்காக ஒரு கட்டு.

சிகரத்தின் கை தானாக நெற்றிக்குப் போனது. அங்கே இன்னும் அந்த வடு இருந்தது.

பெரியம்மாவும் பார்த்தார். "அடப்பாவி! போஸ்ட்மாஸ்டர் பையனா நீங்க? மூணு நாள் தலைவலிங்க எனக்கு!"

"மன்னிச்சுடுங்க அக்கா," என்றார் சிகரம். முதல் தடவையாக அவர் குரல் மைக் இல்லாத ஆள் குரலாக இருந்தது. "பிடிச்சுக்க வேற ஒண்ணும் கிடைக்கலை."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் வண்டு. "டி.வியில என்ன ஓடிக்கிட்டு இருந்தது? இப்படி வாயைப் பிளந்து பார்த்தீங்களே?"

ஒருவர் பாட்டு என்றார். ஒருவர் பந்தாட்டம் என்றார். ஒருவர் யானை என்றார். யாருக்கும் உறுதியாக நினைவில்லை. யார் யாரை மிதித்தார்கள், யார் யார் தோளில் ஏறினார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் துல்லியமாக நினைவிருந்தது.

சிகரம் மெதுவாகச் சொன்னார். "ஒண்ணுமே ஓடலை. ஒளிபரப்பு ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. திரையில கோடு மட்டும்தான் ஓடிக்கிட்டு இருந்தது."

பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. "ஆமாய்யா! கோடு! கோட்டைத்தான்யா பார்த்தோம்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று மாலையே பெரியம்மாவின் படம் சுவருக்குப் போனது. எந்தக் கோட்டையும் கழற்றவில்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தினால் நடுவில் இடம் வரும் என்று பெரியம்மாவே நின்று காட்டினார். ஆணி அடித்தது சிகரம். படத்துக்குக் கீழே ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். வண்டு எழுதினாள்:

'நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்.'

சிகரம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, அட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நல்லா இருக்கு. ஆனா என் பேரை எங்கே போடறது?"

"பேர் எதுக்கு சார்?" என்றாள் வண்டு. "நீங்கதான் படத்துக்குள்ளேயே இருக்கீங்களே!"