ஆபீஸ் அரிசி

பிடியரிசிப் பானையை எறும்பு தொடவில்லை.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேதக்கோயில் சபைக்கென்று தனியே எடுத்து வைப்பது ஞானபாய்க்குக் கை பழகிய காரியம். வீட்டில் ஒரு பானை, அவள் சமைக்கும் இந்தக் கொட்டகையில் ஒரு பானை. வீட்டுப் பானையில் வண்டு விழும், பூச்சி நூல் கட்டும், ஒருதடவை எலி மூடியையே உருட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. கொட்டகைப் பானையை அவள் பல வாரமாக மூட மறந்திருந்தாள். ஆனாலும் உள்ளே இருந்தது போட்ட அன்றைக்குப் போலவே வெள்ளையாகக் கிடந்தது. சுவரோரமாக வந்த கறுப்பெறும்புக் கூட்டம் பானைக்கு ஒரு சாண் முன்னாலேயே வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், திரும்பவும் நேரானது. அவள் பானையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். எறும்பு வரிசையும் தள்ளிப் போய் வளைந்தது.

அது அரிசி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஊர்க்காரர்கள் அதை ஆபீஸ் அரிசி என்றார்கள். ரேஷன் கடையில் புழுத்த அரிசிக்கும் அடிதடி நடந்த வருஷம் அது. திருவனந்தபுரத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் ஜீப்பில் வந்து, தாடகை மலைக்குக் கீழே, பூதப்பாண்டி போகிற வழியில் சும்மா கிடந்த நெல் கொட்டகையைப் பிடித்தார்கள். மரச்சீனிக் கிழங்கு மாவையும் கடலைப் பிண்ணாக்கையும் வேறு எதையெதையோ சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் கொடுத்து, அரிசி வடிவில் உதிர்த்த சாமான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அதைத் தின்றால் பிள்ளைகள் வளருமா என்று பார்க்க வேண்டுமாம். ஊர்ப் பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வரிசைக்கு மூன்று நேரமும் கொட்டகையில் சாப்பாடு. மற்ற வரிசைக்கு எடை மட்டும். அவர்கள் வாரம்தோறும் வந்து தராசுப் பலகையில் ஏறி இறங்கி, சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும்.

ஞானபாயின் மகள் லீலா எடை வரிசையில்தான் முதலில் விழுந்தாள்.

அப்பன் இல்லாத பிள்ளை. அம்மை மூன்று நேரமும் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளம்புகிறாள். பிள்ளை வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஞானபாய் வாயில்லாதவள் என்றுதான் ஊரில் பேர். அந்த வாயில்லாதவள் ஒரு நாள் அகப்பையும் கையுமாகப் போய் ஆராய்ச்சி அதிகாரி கிருஷ்ணமணியின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"எனக்க பிள்ளைக்கும் சோறு போடணும் சாரே."

கிருஷ்ணமணி நாகர்கோவில்காரர். சத்தமாகப் பேசிய வழக்கமே இல்லை. "பாரும்மா, எல்லாருக்கும் கொடுத்துட்டா, பிள்ளைங்க இதனாலதான் வளந்தாங்கன்னு எப்பிடிச் சொல்ல முடியும்? தின்னாத பிள்ளைங்களும் வேணும். அப்பத்தான் ஒப்பிட்டுப் பாக்கலாம். அதுதான் ஆராய்ச்சி."

"பசிச்ச பிள்ளைய நிறுத்தி வச்சு எடை பாக்கதுக்குப் பேரு ஆராய்ச்சியா?"

"நாளைக்கு நாடு முழுக்கப் பசியாறும்மா. எல்லாப் பிள்ளைங்களோட நன்மைக்கும்தான்."

"எல்லாப் பிள்ளையளுக்க நன்மைக்கும் எனக்க பிள்ள பட்டினி கெடக்கணுமோ? நல்லாருக்கு உங்க கணக்கு!"

மறுநாள் அவள் அடுப்பு மூட்டவில்லை. அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தராசுக்காரன் கோலப்பன் வந்து, "ஏட்டி ஞானபாயி, நீ தீ மூட்டலேன்னா சர்க்கார் கவுந்து போவும் கேட்டியா?" என்று சிரித்துப் பார்த்தான். "கவுரட்டும்" என்றாள். அந்த வாரம் சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் தகப்பனோடு மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அவன் இடத்தில் லீலாவை உட்கார வைத்தார்கள். சீட்டு தப்பவிட்ட பிள்ளையை அவளே சண்டை போட்டு உள்ளே தள்ளினாள். அன்றைக்கு மகளின் தட்டில் அவள் கூட ஒரு அகப்பை போட்டாள்.

லீலா நன்றாகத்தான் வளர்ந்தாள். கன்னம் வைத்தது. எலும்பு தெரிந்த தோள் உருண்டது. தராசுமுள் வாரத்துக்கு வாரம் ஏறியது, கோலப்பன் எண்ணைப் பாட்டுப்போல நீட்டிச் சொன்னான், பிள்ளைகளைப் பெற்றவர்கள் வாசலில் நின்று பூரித்தார்கள். ஆனால் உலை கொதிக்கும்போது குனிந்தால் ஞானபாயின் முகத்தில் வெந்நீர் ஆவிதான் அடித்தது. வேகிற சோற்றுக்கென்று ஒரு வாசம் உண்டே, தெரு முனையிலேயே வயிற்றைக் கிள்ளுகிற வாசம், அது அந்தப் பானையிலிருந்து ஒரு நாளும் எழவில்லை. அந்த வாசமின்மை மெல்ல மெல்லப் பிள்ளையிடமும் வந்தது. விளையாடிவிட்டு ஓடி வருகிறவளின் உச்சந்தலையில் முன்பெல்லாம் வியர்வையும் எண்ணெயும் புழுதியுமாக ஒரு மணம் இருக்கும். இப்போது மூக்கை வைத்து இழுத்தால் புதுச் சாக்கின் வாடை மட்டும் மெலிதாக வந்தது. பங்குனி வெயிலில் ஊரே பனையோலை விசிறியோடு அலைந்தபோது லீலாவின் நெற்றி உலர்ந்து கிடந்தது. அந்திக்குக் குளத்தங்கரைக் கொசு கூட்டமாக வந்து ஞானபாயின் காலைப் பிய்த்தெடுக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் மகள்மேல் ஒன்றுகூட உட்காராது.

இதைப் பக்கத்து வீட்டு முத்துக்கனியிடம் சொன்னாள். முத்துக்கனியின் மகனும் அதே வரிசையில்தான் சாப்பிட்டான்.

"எக்கா, கொசு கடிக்கலேன்னு அழுத அம்மைய நான் இப்பம்தான் பாக்கேன்" என்று முத்துக்கனி வாயைப் பொத்திச் சிரித்தாள். "எனக்க பயலும் அப்பிடித்தான். ராத்திரி எழும்பி தண்ணிகூடக் கேக்க மாட்டான். கெடந்தா கெடந்தபடி. சுகமாட்டு ஒறங்குதேன் நானும்."

"அவன் கடைசியா எப்பம் அழுதான் சொல்லு?"

முத்துக்கனியின் சிரிப்பு நின்றது. யோசித்தாள். பிறகு கோபம் வந்தது அவளுக்கு. "ஓங் கண்ணு பட்டுராம. போக்கா."

ரத்தம் எடுக்கும் நாள் வந்தது.

எடை வரிசைப் பிள்ளைகளை முதலில் கூப்பிட்டார்கள். கோலப்பன் ஊசியால் விரல்நுனியில் குத்துவான், கண்ணாடித் துண்டில் ஒற்றுவான், பிள்ளை வீறிடும், அடுத்தது. மேசையின் ஒரு பக்கம் சிவப்பு பூசிய கண்ணாடிகள் வரிசையாகக் காய்ந்தன. அப்புறம் சாப்பாட்டு வரிசை. லீலா கையை நீட்டினாள். கோலப்பன் குத்தினான். அமுக்கினான். அடுத்த விரலில் குத்தினான். லீலா கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது விரல். கோலப்பன் எப்போதும் ஏதாவது உளறிக்கொண்டே வேலை செய்கிறவன். அவன் பேச்சை நிறுத்தியிருந்தான். ஒன்றும் ஒட்டாத கண்ணாடியை அப்படியே மேசையின் மறுபக்கம் வைத்துவிட்டு, "அடுத்தது" என்றான்.

ஞானபாய் கழுவிய கையைத் துடைக்காமலேயே மேசைக்குப் போனாள். மறுபக்கத்தில் கண்ணாடிகள் நிறைய இருந்தன. எல்லாம் சுத்தமாக இருந்தன. ஒன்றில்கூடப் பொட்டுச் சிவப்பு இல்லை.

"சாரே, இது என்னது?"

"கை குளுந்திருக்கும்மா. சில பிள்ளைங்களுக்கு நரம்பு சுருங்கும்."

"இந்தச் சூட்டுலயா? எல்லாப் பிள்ளைக்குமா?"

கிருஷ்ணமணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடை கூடியிருக்கு. உயரம் கூடியிருக்கு. ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் இல்ல, வயித்துப்போக்கு இல்ல. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"ரத்தம் வேணும்! பிள்ளைக்க ஒடம்புல ரத்தம் வேணும்! குத்துனா அழணும்! நீங்க பெத்த பிள்ளையா இருந்தா இப்பிடித் தராசு முள்ளு ஏறுததப் பாத்துக்கிட்டு இருப்பியளா?"

அவர் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இதற்கு முன்னாலேயே பார்த்த ஒன்றை மறுபடி பார்க்கிறவர்போல அந்தச் சுத்தமான கண்ணாடிகளைத் தட்டில் அடுக்கினார். "ஒப்பிட்டுப் பாக்குற வேலை முடிஞ்சுதும்மா. வேணும்னா பிள்ளைய நாளையிலிருந்து அனுப்பாண்டாம். இன்னொண்ணு. அன்னைக்கு நீ கேட்டது நியாயம்தான்னு மேல எழுதியிருந்தேன். ஒத்துக்கிட்டாங்க. வர்ற வாரத்திலிருந்து ரெண்டு வரிசைக்கும் சாப்பாடு."

வாசலில் எடை வரிசைப் பிள்ளைகள் குத்திய விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நின்றார்கள். அழுது சிவந்த கண்கள். ஒழுகுகிற மூக்கு. உயிருள்ள பிள்ளைகள்.

ஞானபாய் அடுக்களைக்குப் போனாள். வடித்து வைத்திருந்த பானையைக் காலால் எத்தினாள். மூட்டையை வெட்டுக்கத்தியால் கீறினாள். கொட்டிய ஆபீஸ் அரிசியை மிதித்துச் சாணித் தரையில் தேய்த்தாள். "ஒரு பிள்ளையும் இத திங்கப்பிடாது! கேட்டியளா, ஒருத்தரும் குடுக்கப்பிடாது!" அவளை இழுத்து வெளியே தள்ளியது அதிகாரி இல்லை, கோலப்பனும் இல்லை. பிள்ளைகளைப் பெற்ற பெண்கள். எடை வரிசைத் தாய்மார்தான் மயிரைப் பிடித்து இழுத்தார்கள். "ஒனக்க பிள்ள தின்னு கொழுத்தாச்சு! எங்க பிள்ளைக்கு வரும்போ ஒனக்கு வயிறு எரியுதோ, சவமே!"

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கை கனமாக இருந்தது.

வீட்டில் இருந்த கடைசி நாழி நெல்லரிசியைப் பொங்கினாள். சாளை மீன் வாங்கித் தேங்காய் அரைத்து, புளி கரைத்து, மகளுக்குப் பிடித்த மாதிரி குழம்பு கூட்டினாள். வீடு மணத்தது. உருட்டி உருட்டி வாயருகே கொண்டுபோனாள். லீலா உதட்டைத் திறக்கவில்லை.

"ஒரு வாய் மக்கா. அம்மைக்காக."

"வயிறு நெறஞ்சாச்சும்மா" என்றாள் லீலா. அன்பாகத்தான் சொன்னாள். போய்ப் பாயில் படுத்தாள்.

ஞானபாய் விளக்கைத் தாழ்த்திவிட்டுப் பக்கத்தில் கிடந்தாள். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்று பனங்காட்டில் புகுந்து ஓலைகளை உரசிக்கொண்டே போயிற்று. தூரத்தில் ஒரு மாட்டுவண்டி. அப்புறம் அதுவும் இல்லை. நாளைக்கு விடிந்ததும் தோவாளைக்கு நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு. யார் காலிலாவது விழலாம். யார் சட்டையையாவது பிடிக்கலாம்.

லீலா தூக்கத்தில் புரண்டாள்.

ஏதோ சரிந்தது. மூட்டையைத் தூக்கி மறுபக்கம் சாய்த்தால் உள்ளே மணிகள் ஓடுமே, அந்தச் சத்தம். ஞானபாய் கூரையைப் பார்த்தாள். எலி இல்லை. மறுபடி எதுவும் கேட்கவில்லை.

பிள்ளை இந்தப் பக்கம் திரும்பினாள்.

சர்ர்ரென்று. தலையிலிருந்து காலுக்கு.

ஞானபாய் மகளின் மார்பில் காதை வைத்தாள். துடிப்பு இல்லை. மூச்சு இல்லை. கன்னத்தை வைத்த இடம் லேசாகக் குழிந்தது. உள்ளே, ஆழத்தில், ஒவ்வொன்றாக மணிகள் நழுவிக்கொண்டிருந்தன.

எழுந்தாள். முத்துக்கனியைக் கூப்பிடப் போனாள். கதவுத் தாழில் கை இருந்தபோது பக்கத்து வீட்டு மண்சுவருக்கு அப்பால் அதே சத்தம் கேட்டது. சர்ர்ரென்று. அதற்கடுத்த வீட்டில். எதிர் வரிசையில். தெரு நெடுக. சாப்பாட்டு வரிசைப் பிள்ளைகள் உறங்குகிற வீடுகளில் எல்லாம். ஒரே நேரத்தில் புரண்டார்கள். நின்றது. மறுபடி புரண்டார்கள்.

"அம்மா."

ஞானபாய் திரும்பினாள்.

லீலா எழுந்து உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தரம் கூப்பிட வாய் திறந்தாள். சொல் வரவில்லை. உதட்டிலிருந்து ஒரு வெள்ளை மணி பாயில் விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு நிற்காமல். கன்னம் வற்றியது. கழுத்து சுருங்கியது. தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண் மட்டும் அம்மையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஞானபாய் ஓடி வந்து மண்டியிட்டாள். இரண்டு கையாலும் வாரினாள். மண்ணோடு வாரினாள். மகளின் வாயில் திணித்தாள்.

"தின்னு மக்கா. தின்னு. அம்மைக்க பொன்னு இல்லியா, தின்னு."

மடியில் எடை குறைந்துகொண்டே வந்தது. விரலிடுக்கு வழியாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் வாரி வாரி ஊட்டிக்கொண்டே இருந்தாள்.